டெல்டாவின் அடியில் புதைந்திருக்கும் முகடுகள்

கேள்வி (கும்பகோணம் வாசகர்): எங்கள் பகுதி முழுவதும் சமதளமாக இருக்கிறது. ஆனால் நிலவியல் வரைபடமோ கும்பகோணத்துக்கு அடியில் ஒரு முகடும் அதன் இருபுறமும் ஆழ்ந்த பள்ளங்களும் இருப்பதாகக் காட்டுகிறது. தோண்டாமல் இதை எப்படி அறிகிறார்கள்?

பதில்: திருச்சியில் மலைக்கோட்டையாக நிமிர்ந்து நிற்பதைப் போன்ற தொன்மையான படிகப் பாறைகள்தாம் காவிரி டெல்டாவுக்கும் அடித்தளம். ஜுராசிக் காலத்தின் இறுதியிலும் கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்திலும் இந்தியாவும் தென் கண்டங்களும் ஒன்றாயிருந்த கோண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது, அந்த அடித்தளம் வடகிழக்கு–தென்மேற்காக ஓடும் பிளவுகளில் உடைந்தது. சரிந்த துண்டுகள் அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பள்ளங்களாயின. சரியாமல் நின்றவை கும்பகோணம்–மாதானம், காரைக்கால் போன்ற முகடுகளாயின. பிற்பாடு சேர்ந்த மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் எல்லாவற்றையும் மூடிவிட்டன. பள்ளங்களில் இவற்றின் தடிமன் சில கிலோமீட்டர்.

1950-களின் பிற்பகுதியில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் இங்கே ஆய்வைத் தொடங்கியபோது முதலில் கையாண்டவை ஈர்ப்பு அளவீடும் காந்த அளவீடும். படிவுப் பாறை அடித்தளப் பாறையைவிட எடை குறைந்தது. அடர்த்தி வேறுபாடு கன சென்டிமீட்டருக்கு 0.4 கிராம் என்று கொண்டால், கூடுதலாக 1 கிலோமீட்டர் தடிமன் படிவு இருக்கும் பரந்த பள்ளத்தின் மேல் ஈர்ப்பு ஏறத்தாழ 17 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் சிற்றலகு) குறையும். நம் பகுதியின் மொத்த ஈர்ப்பு சுமார் 9,78,000 மில்லிகால் என்பதால், தேடப்படும் மாற்றம் எவ்வளவு சிறியது என்பது விளங்கும். அளக்கும் இடத்தின் உயரத்தை ஒரு மீட்டர் தவறாகக் குறித்தாலே 0.2 மில்லிகால் பிழை நேரும். எனவே கருவியைப் போலவே மட்டம் பார்ப்பவரின் கவனமும் இங்கே முக்கியம்.

ஆனால் ஒரே ஈர்ப்பு அளவுக்குப் பல விளக்கங்கள் பொருந்தும். அடித்தளம் மேலேறி வந்தாலும் ஈர்ப்பு கூடும். அடித்தளம் ஆழத்திலேயே இருந்து, அங்கே நைஸ் பாறைக்குப் பதிலாக அடர்த்தி மிகுந்த சார்னோக்கைட் இருந்தாலும் கூடும். காந்த அளவீடு இங்கே ஓரளவு உதவுகிறது. படிவுகளில் காந்தத்தன்மை மிகக் குறைவு என்பதால் பெரும்பாலான காந்த மாற்றங்கள் அடித்தளத்திலிருந்தே வருகின்றன. மாற்றம் அகன்று மழுங்கியிருந்தால் அதை உண்டாக்கும் பாறை ஆழத்தில் இருக்கக்கூடும். தமிழகம் காந்த நடுக்கோட்டுக்கு (புவியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் கோடு) அருகில் இருப்பதால் ஒரு சிக்கலும் உண்டு: காந்தத்தன்மை மிகுந்த பாறைக்கு நேர் மேலே அளவு கூடாமல் குறைந்தே காணப்படும். உயர் அட்சரேகை நாடுகளின் பாடநூல் படங்களை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பவர் இதில் எளிதில் ஏமாறுவார்.

நுணுக்கமான உருவத்தைத் தருவது நில அதிர்வு ஆய்வு. ஆழமற்ற துளையில் சிறு வெடியை வெடித்தோ, கனரக வாகனத்தால் தரையை அதிரவைத்தோ அலைகளை உள்ளே செலுத்தி, பாறை எல்லைகளில் எதிரொலித்துத் திரும்புபவற்றை ஜியோபோன்கள் எனப்படும் அதிர்வு உணரிகளில் பதிவுசெய்கிறார்கள். கிடைப்பது ஆழமன்று, நேரம். அலை சென்று திரும்ப 2 விநாடி ஆனால், வேகம் விநாடிக்கு 3 கிலோமீட்டர் என்று கொள்பவருக்கு எல்லை 3 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும்; 3.3 என்று கொள்பவருக்கு அது 300 மீட்டர் கீழே போய்விடும். இந்த வேகத்தை உறுதிப்படுத்தத்தான் துளைக்கிணறு தேவைப்படுகிறது. காவிரிப் படுகையின் முதல் ஆழ்கிணறு 1964-இல் காரைக்காலில் தோண்டப்பட்டது. கிணறுகளிலிருந்து தொலைவில் வரையப்பட்ட கோடுகளை, அவை எத்தனை அழகாக வண்ணம் தீட்டப்பட்டிருந்தாலும், கணிப்பு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி (மன்னார்குடி வாசகர்): இத்தகைய ஆய்வு நடந்தால் அங்கே எண்ணெய் இருப்பது உறுதியா?

பதில்: இல்லை. எண்ணெய் தேங்கக்கூடிய அமைப்பு உண்டா என்பதை மட்டுமே ஆய்வு காட்டும்; அமைப்பு இருந்தும் வெறும் உப்புநீரே கிடைத்த கிணறுகள் உலகெங்கும் ஏராளம்.

கேள்வி (மதுரை வாசகர்): நில அதிர்வு ஆய்வே போதாதா, மற்றவை எதற்கு?

பதில்: ஈர்ப்பு, காந்த ஆய்வுகளுக்குச் செலவு குறைவு, பரந்த நிலத்தை விரைவாக அளந்து, நில அதிர்வுக் கோடுகளை எங்கே அமைப்பது என்று முடிவுசெய்யலாம். மேலும், சௌராஷ்டிரத்தைப் போல எரிமலைப் பாறை மேலே மூடியிருக்கும் இடங்களில் அலைகள் சிதறிப்போவதால் கீழுள்ள படிவுகள் தெளிவாகத் தெரிவதில்லை. அங்கே மின்கடத்தும் தன்மையை அளக்கும் மேக்னெட்டோடெலூரிக் முறை கைகொடுக்கிறது. எரிமலைப் பாறை மின்னோட்டத்தைத் தடுக்கும், உப்புநீர் ஊறிய படிவு அதை எளிதில் கடத்தும்.