தினமும் முழு வேகத்தில் ஓடவேண்டுமா?

வணக்கம் சார்,

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், வயது 41, ஐடி வேலை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓடியதே இல்லை. தீபாவளிக்கு அப்புறம் ஆரம்பித்து, தினமும் காலையில் ஏரிப் பக்கம் ஐந்து கிலோமீட்டர், எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவு. ஆரம்பத்தில் நேரம் மளமளவென்று குறைந்தது, பொங்கலுக்கு அப்புறம் அப்படியே நிற்கிறது. தொடை எப்போதும் வலிக்கிறது, இப்போது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பிலும் வலி. ஜிம்மில் கேட்டால் லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கிறது, இன்னும் ஓடினால்தான் கரையும் என்கிறார்கள். ஏப்ரலில் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். என்ன செய்யலாம்?

அ.

அன்புள்ள அ.,

மெதுவாக ஓடுங்கள், தினமும் ஓடாதீர்கள். இதுதான் பதில், மீதி எல்லாம் காரணம்.

முதலில் அந்த லாக்டிக் ஆசிட். கடுமையாக ஓடும்போது ரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடம்பில் இருக்கும் வடிவம்) ஏறுவது உண்மைதான், ஆனால் ஓட்டம் முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். நேற்று உண்டானது இன்று உங்கள் தொடையில் இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படி இறங்கும்போது பிடித்து இழுக்கிற வலி, பழக்கமில்லாத உழைப்பில் தசை இழைகளுக்கு ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே குறையும், குறைய விட்டால். 1907இல் கேம்பிரிட்ஜில் ஃப்ளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தவளைத் தசையை வெட்டியெடுத்து, அது ஓயும்வரை வேலை வாங்கியபோது லாக்டிக் அமிலம் சேர்வதைக் கண்டார்கள், களைப்புக்கும் வலிக்கும் அதுவே காரணம் என்ற எண்ணம் அப்படித்தான் வேர்விட்டது. பெரிய ஆய்வு அது, சந்தேகமில்லை. ஆனால் வெட்டியெடுத்த தசைக்கு ரத்த ஓட்டம் ஏது? உயிருள்ள உடம்பில் அதே லாக்டேட்டை இதயமும் மற்ற தசைகளும் எரித்துச் சக்தியாக்கிக்கொள்கின்றன, கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக மாற்றுகிறது. அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்து இதைச் சொல்லிவருகிறார். இன்னும் ஜிம்களில் பழைய கதையையே சொல்லி, வலிக்கிற காலோடு ஆட்களை ஓட அனுப்புவது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

சரி, நேரம் ஏன் குறையவில்லை? ஓட்டம் உடம்பை அப்போதைக்குத் தளர்த்தத்தான் செய்கிறது, பலம் கூடுவது அப்புறம், நீங்கள் தூங்கும்போதும் சாப்பிட்டு ஓய்வாக இருக்கும்போதும். அதற்குள் அடுத்த நாள் காலை மறுபடி முழு வேகம் என்றால் உடம்பு எப்போது தேறும்? ஐந்து கிலோமீட்டர் என்பது உங்களுக்கு அரை மணி நேர வேலை என்று வையுங்கள். உடனடிச் சக்திக்காகத் தசையில் கையிருப்பாக உள்ள கிரியேட்டின் பாஸ்பேட் என்ற வேதிப்பொருள் முழு வேகத்தில் பத்து விநாடி போலத்தான் தாங்கும், அரை மணி நேரத்துக்கான சக்தியில் மிகப் பெரும்பகுதி ஆக்சிஜனை வைத்துத்தான் வந்தாகவேண்டும். ஆக, வளரவேண்டியவை தசைக்குள் ஆக்சிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும் நுண் உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா, நுண் ரத்தக்குழாய்கள், இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு. பயிற்சியால் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதை ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை வைத்து 1967லேயே காட்டிவிட்டார். இவை வளர நிதானமான, நீண்ட ஓட்டமே நிறைய உதவும், அது மறுநாள் உங்களை முடக்கிப் போடாது.

வாரம் நான்கு நாள் போதும். மூன்று நாள், பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம், பேச்சு துண்டு துண்டாக வந்தால் குறையுங்கள், நடக்க வேண்டியிருந்தால் நடங்கள். ஒரு நாள் மட்டும் கொஞ்சம் வேகம். 220இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்புக் கணக்குப் போடுகிறார்களே, அதை நம்பி ஓடவேண்டாம், ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம் சர்வசாதாரணம்.

இதெல்லாம் அந்த எலும்பு நன்றாக இருந்தால். ஓட ஆரம்பித்துச் சில வாரங்களில் மூச்சு பழகிவிடும், எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும், நன்றாக ஓட வருகிறதே என்று தெம்பாக ஓடுகிறவர்களுக்கு அடி விழுவது இந்த இடைவெளியில்தான். இன்றைக்கே விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் உள் ஓரத்தில் நீளவாக்கில் பரவலாக வலித்தால் சில வாரம் ஓட்டத்தை நிறுத்தி, வலி போனபின் கொஞ்சமாகத் தொடங்கலாம். ஒரே புள்ளியில் சுரீர் என்றால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் நுண் விரிசல் இருக்கக்கூடும். எலும்பு டாக்டரிடம் காட்டும்வரை ஒரு அடிகூட ஓடாதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.