வெயில் காலமும் கார்பன் இன்ஜின் கவரும்: கேள்வி பதில்

கார்பன் ஃபைபர் எவ்வளவு சூட்டையும் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பானட்டுக்குள் இன்ஜின் மேல் மாட்டிய கவர் எட்டே மாதத்தில் நடுவில் தொய்ந்துவிட்டது. போலியா சார்?

போலியாக இருக்க வேண்டியதில்லை. தொய்ந்தது கார்பன் நார் அல்ல, அதைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் என்ற பிசின். நார் பல நூறு டிகிரியிலும் அசையாது. ரெசினுக்கோ ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் கண்ணாடி போல் விறைத்திருந்தது ரப்பர் போல் இளகிவிடும். இந்த எல்லைக்கு கிளாஸ் டிரான்சிஷன் வெப்பநிலை என்று பெயர், சுருக்கமாக டிஜி.

அறை வெப்பத்திலேயே உலரவிட்ட சாதாரண எபாக்சி ரெசினுக்கு டிஜி 50 முதல் 60 டிகிரி செல்சியஸ்தான். அதையே சூடேற்றிப் பதப்படுத்தினால் 80 முதல் 100 வரை போகும். 120 டிகிரியில் ஆட்டோகிளேவில் (அழுத்தமும் சூடும் தரும் அடுப்பு) வெந்த ப்ரீப்ரெக் (முன்பே ரெசின் ஊறவைத்த கார்பன் துணி) என்றால் பெரும்பாலும் 120க்கு மேல். பானட்டுக்குள் 80, 90 டிகிரி என்பது அன்றாடம் வருவது. முதல் வகை அங்கே எப்படி நிற்கும்?

ஒன்று சொன்னால் கோபம் வரலாம். கம்பெனி கொடுக்கும் கறுப்புக் கவர் பெரும்பாலும் கண்ணாடி நார் கலந்த நைலான். நைலான் 6 உருகவே சுமார் 220 டிகிரி வேண்டும். மலிவான கார்பன் கவரைவிட அதுதான் சூட்டைத் தாங்கும்.

வண்டி ஓடும்போது ஒன்றும் ஆவதில்லை. நிறுத்தி வைத்த பிறகுதான் வளைகிறது. இது எப்படி?

ஓடும்போது காற்று உள்ளே வந்து போகிறது, கூலண்ட் சுற்றுகிறது. இன்ஜினை அணைத்ததும் இரண்டும் நின்றுவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (இன்ஜின் புகை வெளியேறும் குழாய்) டர்போவும் மட்டும் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு மேலே எழும்பி, போக வழியில்லாமல் கவருக்கு அடியில் தேங்கும். அணைத்த முதல் 10, 20 நிமிடங்களில்தான் கவர் உச்ச வெப்பத்தைப் பார்க்கிறது. வெளியே 30க்குப் பதில் 45 டிகிரி என்றால், உள்ளேயும் ஏறக்குறைய அந்த 15 டிகிரி கூடிவிடும். குளிர் நாட்டில் ஐந்து வருடம் உழைத்த கவர் வெயில் நாட்டில் ஒரு கோடையில் தொய்வதற்குக் காரணம் இந்த 15 டிகிரிதான்.

வாங்கும் முன் உங்கள் வண்டியின் உச்ச வெப்பத்தை அளந்துவிடுங்கள். நிறம் மாறி அப்படியே நின்றுவிடும் வெப்பப் பட்டைகள் கிடைக்கும். இப்போதுள்ள கவரின் அடியில் மூன்று இடத்தில் ஒட்டுங்கள்: நடுவில் ஒன்று, டர்போ பக்கம் ஒன்று, பின்பக்கச் சுவரை ஒட்டி ஒன்று. ஒரு மணி நேரம் ஓட்டி, அணைத்து, அரை மணி கழித்துப் பாருங்கள். காட்டும் எண்ணைவிட 25 டிகிரியாவது டிஜி கூடுதலாக இருக்க வேண்டும். டிஜி எவ்வளவு என்று கேட்டால் “ஏரோஸ்பேஸ் கிரேடு” என்று பதில் வந்தால், அங்கே வாங்காதீர்கள்.

ப்ரோ, அசல் கார்பனா இல்லையா என்று கையில் எடுத்துப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளை நார் சிதறிக் கிடந்தால் மேலே ஒரு அடுக்கு கார்பன், கீழே கண்ணாடி நார் பாய். பின்னலின் கோடு வளைவில் இழுபட்டு நீண்டிருந்து, சாய்த்துப் பார்த்தாலும் ஆழம் தெரியாவிட்டால் அது அச்சிட்ட படலம்.

பழைய பிளாஸ்டிக் கவர் மேல் கார்பன் துணி ஒட்டித் தருவதைத் தவிர்த்துவிடுங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 80 மைக்ரான் விரியும். கார்பன் துணி அடுக்கு இரண்டு மூன்று மைக்ரான்தான். தினமும் இப்படி இழுபறி நடந்தால் ஓரத்திலிருந்து உரியத்தான் செய்யும்.

பளபளப்பு போய், பின்னல் கோடுகள் கையில் தட்டுப்படுகின்றன. பாலிஷ் போட்டால் சரியாகுமா?

ஆகாது. ரெசின் முழுதாகப் பதமாகாமல் விற்றிருக்கிறார்கள். பானட்டுக்குள் மீதியும் வெந்து சுருங்கியதால் நூலின் மேடு பள்ளம் மேலே தெரிகிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தால் உழுத வயல் மாதிரி இருக்கும். இதில் ஒரு நல்லது, வேக வேண்டியது வெந்துவிட்டது. இப்போது தேய்த்துப் பூசினால் நிற்கும்.

320 எண் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு 600, 800. தேய்க்கும் தண்ணீர் கறுத்தால் உடனே நிறுத்துங்கள், நாரைத் தொட்டுவிட்டீர்கள். துடைத்து உலர்த்தி, புற ஊதாக்கதிர் தடுப்பு சேர்ந்த டூ-கே (இரண்டு பாகம் கலந்து பூசும்) பாலியூரித்தேன் கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, இரண்டு மூன்று கோட். அதன் ஹார்டனரில் (கெட்டியாக்கும் பாகம்) ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க் போதாது. வெளிக்காற்று வரும் முகமூடி இல்லையென்றால் பெயிண்ட் பூத்தில் கொடுத்துவிடுங்கள்.

தொய்ந்த கவரை ஓவனில் வைத்து நிமிர்த்தலாமா?

அச்சு இல்லாமல் வைத்தால் இன்னும் தொய்யும். அச்சில் கிளாம்ப் போட்டு, மணிக்கு 10 டிகிரி வீதம் ஏற்றி, ரெசின் தயாரிப்பாளர் சொல்லும் வெப்பத்தில் சொல்லும் நேரம் வைத்து, அதே மெதுவில் இறக்க வேண்டும். எந்த ரெசின் என்றே தெரியாத கவரில் இது வீண் வேலை. சமையல் ஓவனில் கூடவே கூடாது.

தங்க நிற ஹீட் டேப் ஒட்டினால் பயன் உண்டா அண்ணா?

உண்டு, அடிப்பக்கம் ஒட்டினால். அது எதிரே இருக்கும் சூட்டின் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். தேங்கி நிற்கும் சூடான காற்றை ஒன்றும் செய்யாது. இன்ஜினுக்கும் கவருக்கும் நடுவே 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விடுவது டேப்பைவிடப் பலன் தரும்.

போல்ட் ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூக்கிறது. கடலோரத்தில் இருக்கிறோம்.

உப்புக் காற்றின் ஈரத்தில் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் பேட்டரி மாதிரி வேலை செய்யும். அரிக்கப்படுவது அலுமினியம், அந்தப் பொடி அதிலிருந்து வருவது. துத்தநாகம் பூசிய போல்ட்டும் அப்படியே போகும். ஸ்டெயின்லெஸ் போல்ட், இரு பக்கமும் நைலான் வாஷர், ஓட்டையின் வெட்டு விளிம்பில் எபாக்சி. 6 மி.மீ. போல்ட்டுக்கு ஓட்டை 7 மி.மீ. இருக்கட்டும். கவர் விரியாவிட்டாலும் அடியில் இருக்கும் அலுமினியம் விரியும். இறுக்கமான ஓட்டை என்றால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். போல்ட்டுக்குப் பதில் பந்துமுனை பின்னை ரப்பருக்குள் அழுத்தி மாட்டும் வகை என்றால் அந்த ரப்பரைச் சிலிக்கோனுக்கு மாற்றுங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் சூட்டில் கல்லாகிவிடும், கவர் ஆட ஆரம்பிக்கும்.

ஆடும் கவர் இன்னொரு விதத்திலும் ஆபத்து. கார்பன் மின்சாரம் கடத்தும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில் உரசும் நிலையில் அது இருக்கவே கூடாது.

கழுவும்போது என்ன கவனிக்க வேண்டும்?

சூடாக இருக்கையில் தண்ணீர் அடிக்காதீர்கள். காரமான டிகிரீசர் கிளியரை மங்கலாக்கும், மிதமான ஷாம்பு போதும். பிரேக் ஆயில் சிந்தினால் காத்திருக்க வேண்டாம், அப்போதே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.