புதுச் சுவரில் எனாமல் உரிவது ஏன்?

கேள்வி: புதிதாகச் சிமென்ட் பூசிய சமையலறைச் சுவரில், மூன்றாவது வாரமே, கதவுக்கு வாங்கி மீந்த எனாமலை அடித்தோம். பிசுக்கைத் துடைக்க எளிதாக இருக்கும் என்று எண்ணினோம். சில மாதங்களில் பெயின்ட் பிசுபிசுத்துத் தோல் தோலாக உரிகிறது. மட்டமான பெயின்டை வாங்கிவிட்டோமா?

பதில்: பெயின்டில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை, அது இருக்கவேண்டிய இடம் கதவுதான். புதிய சிமென்ட் பூச்சு கடுமையான காரத்தன்மை கொண்டது. அதன் கார அமில எண் (pH, நடுநிலை என்றால் 7) 12-க்கும் மேல் இருக்கும். எண்ணெய் அடிப்படையிலான எனாமலை அந்தக் காரம் ஈரத்தோடு சேர்ந்து தாக்கும்போது, எண்ணெயிலிருந்து சோப்பு உண்டாவது போன்ற அதே வேதிமாற்றம் உங்கள் சுவரிலேயே நிகழ்கிறது. நீங்கள் கண்ட பிசுபிசுப்பு அதனால் வந்ததாகவே இருக்க வேண்டும். இதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்டை அடித்தாலும் அடியில் உள்ள படலத்தோடு சேர்ந்து அதுவும் உரிந்துவிடும் என்பதால், முழுவதையும் சுரண்டி எடுத்துக் கழுவிக் காயவிடுங்கள்.

பூச்சு வேலை முடிந்து குறைந்தது 28 நாள் ஆறவிடுவது வழக்கம் என்றாலும், நான் நாட்கணக்கை மட்டும் நம்புவதில்லை. ஒரு முழ அகலப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. அது வற்றியபின், காரத்தைத் தாங்கும் ப்ரைமரும் (அடிப்பூச்சு) அதன்மேல் அக்ரிலிக் எமல்ஷன் என்ற தண்ணீர்ப் பெயின்டும் அடிக்கலாம். துடைக்க வசதியாகச் சற்றுப் பளபளப்புள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் பளபளப்பு கூடக்கூடச் சுவரின் மேடுபள்ளமும் எடுப்பாகத் தெரியும்.

கேள்வி: பழைய கதவில் இருப்பது எண்ணெய்ப் பெயின்டா, தண்ணீர்ப் பெயின்டா என்று எப்படி அறிவது?

பதில்: பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஓரிடத்தில் அழுத்தித் தேயுங்கள். நிறம் பஞ்சில் ஒட்டினால் பெரும்பாலும் தண்ணீர்ப் பெயின்ட். ஒட்டாவிட்டால் எண்ணெய்ப் பெயின்ட். எண்ணெய்ப் பெயின்டின் வழவழப்பு போக உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, நன்கு பற்றும் ப்ரைமர் அடித்த பிறகே எமல்ஷனைத் தொட வேண்டும். பல பத்தாண்டுகள் பழைய கதவாக இருந்தால் அந்தப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே, பரிசோதித்து ஈயம் இல்லை என்று உறுதியாகும்வரை உலர்வாகத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அருகில் விடாதீர்கள்.

கேள்வி: துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்க்கு எனாமல் அடிக்கலாமா?

பதில்: நேரடியாக அடிக்க வேண்டாம். துத்தநாகமும் எண்ணெய்ப் பெயின்டோடு வினைபுரிந்து சோப்புப் படலத்தை உண்டாக்குவதால் பிடிப்பு விட்டுப்போகும். துத்தநாகப் பூச்சுக்கென்றே விற்கும் ப்ரைமரை முதலில் அடியுங்கள்.