இறங்கும்போது மட்டும் ஏன் வலிக்கிறது?

கேள்வி: படி ஏறும்போது ஒன்றும் தெரிவதில்லை. இறங்கும்போதுதான் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது, ‘கடக் கடக்’ என்று சத்தமும் வருகிறது. ஏறுவதுதானே கஷ்டமான வேலை? எனக்கு 38 வயதுதான். அதற்குள் மூட்டு தேய்ந்துவிட்டதா?

பதில்: ஏறுவது மூச்சுக்குத்தான் கஷ்டம். முழங்காலுக்கு இறங்குவதுதான் பெரும்பாடு. பிசியோதெரபிக்கு வருகிறவர்களை நான் படியில் ஏறச் சொல்லிப் பார்ப்பதைவிட இறங்கச் சொல்லிப் பார்ப்பதுதான் அதிகம்.

முதலில் ஒன்று செய்யுங்கள். தரையில் உட்கார்ந்து காலைத் தளர்வாக நீட்டி, முழங்கால் சில்லைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து அசையுங்கள். அப்படியும் இப்படியும் லேசாக நகரும். இப்போது தொடையை இறுக்குங்கள். பிடித்த பிடியிலேயே சில்லு மேலே ஏறி, அசைய மறுத்துவிடும். தொடையின் முன்தசையிலிருந்து வரும் நாணுக்குள் பதிந்திருக்கும் எலும்பு அது. நாணைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவைப்பதால், குறைந்த பலத்திலேயே தசையால் காலை நீட்ட முடிகிறது. கதவில் கைப்பிடியைக் கீலிலிருந்து தள்ளி வைப்பதும் இதற்காகத்தான்.

ஆனால் முழங்கால் மடிய மடிய, சில்லு தொடை எலும்பின் பள்ளத்தில் அழுந்தும். சமதரையில் நடக்கும்போது அந்த அழுத்தம் உடல் எடையில் சுமார் பாதி. மாடிப்படியில் 3 மடங்குக்கு மேல். முழுக்கக் குந்தி எழுந்தால் 7, 8 மடங்கு வரை போகும்.

ஏறும்போது நம்மை அறியாமலே முன்னால் சாய்கிறோம். இடுப்புத் தசைகளும் வேலையில் பங்கெடுத்துக்கொள்கின்றன. இறங்கும்போது அப்படிச் சாய்ந்தால் உருண்டுவிடுவோமே! அதனால் மேல்படியில் நிற்கும் ஒற்றைக் கால், மடிந்துகொண்டே முழு உடம்பையும் மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். தொடைத்தசை நீண்டுகொண்டே இறுக வேண்டிய நேரம் இது. தசையில் வலு போதாவிட்டால் கடைசி இரண்டு அங்குலத்தில் உடம்பு ‘தொப்’பென்று இறங்கும். சில்லுக்குப் பின்னால் சுருக்கென்பது பெரும்பாலும் அப்போதுதான்.

தேய்மானம் என்ற பயத்துக்கு வருகிறேன். தேய்வது, மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு. அதற்கு நரம்பே கிடையாது. வலி கிளம்புவது அதன் அடியிலுள்ள எலும்பிலிருந்து, மூட்டின் உள்ளுறையிலிருந்து, சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டிலிருந்து. எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தும் வலியில்லாமல் நடப்பவர்கள் உண்டு. படம் சுத்தமாக இருந்தும் நொண்டுகிறவர்களும் உண்டு. சத்தத்தை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. மூட்டு வீங்கினாலோ, மடக்கிய காலை நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, நடக்கையில் முழங்கால் திடீரென்று மடங்கிவிட்டாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

அதெல்லாம் இல்லையென்றால் தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சிதான். தாழ்வான ஒரே ஒரு படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாக இறங்கிப் பழகுங்கள். முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாதத்தின் நேராகவே போகட்டும். வலி கூடினால் படியின் உயரத்தைக் குறையுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பிறந்த குழந்தைக்கு முழங்கால் சில்லே கிடையாதாமே?

பதில்: இருக்கிறது, குருத்தெலும்பாக. அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. பெரும்பாலும் 3 முதல் 6 வயதுக்குள் அது எலும்பாக மாறத் தொடங்கும்.