வேல்ஸில் ரசிகர்கள் அதிகம் கால்பந்துக்கா, ரக்பிக்கா?

வெளியூர்க்காரர்கள் சட்டென்று ரக்பி என்பார்கள். பாதி உண்மைதான். எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரக்பியின் கோட்டை தெற்கே இருக்கும் நிலக்கரிப் பள்ளத்தாக்குகள். இங்கிலாந்தில் அது பெரும்பாலும் வசதியான பள்ளிகளின் ஆட்டம். இங்கே சுரங்கத் தொழிலாளிகளின் ஆட்டம். 1905-இல் தலைநகர் கார்டிஃபில் நியூசிலாந்தை 3-0 என்று வீழ்த்தியதும், 1970-களில் ரக்பி வீரர் கேரத் எட்வர்ட்ஸ் காலத்து வெற்றிகளும் அதைத் தேசிய அடையாளமாகவே ஆக்கிவிட்டன. வேல்ஸ், இங்கிலாந்து உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் ஆறு நாடுகள் ரக்பிப் போட்டி நடக்கும் பிப்ரவரி, மார்ச்சில் கார்டிஃபில் ரக்பியைத் தவிர வேறு பேச்சே இருக்காது.

வடக்கே கதை வேறு. ரெக்ஸமில்தான் 1876-இல் வேல்ஸ் கால்பந்துச் சங்கமே பிறந்தது. ரக்பி சங்கம் வந்தது 1881-இல். அங்குள்ள பலர் லிவர்பூல், மான்செஸ்டர் அணிகளோடும் ஒட்டிக்கொண்டவர்கள். தெற்கிலும் ஸ்வான்சீ, கார்டிஃப் கால்பந்து அணிகளுக்குக் கூட்டம் உண்டு. வாராவாரம் கிளப் ஆட்டம் பார்ப்பது என்று வந்தால் கால்பந்துதான் முந்தும் என்பது என் கணிப்பு.

அப்புறம், 2016 யூரோ கால்பந்துப் போட்டியில் கேரத் பேல் ஆடிய வேல்ஸ் அணி அரையிறுதி வரை போனது. 64 ஆண்டுகளுக்குப் பிறகு 2022-இல் உலகக் கோப்பையிலும் ஆடியது. ரக்பி அணியோ 2024, 2025 இரண்டு ஆண்டும் ஆறு நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டத்திலும் தோற்றது. இளசுகள் எந்தப் பக்கம் சாய்வார்கள், சொல்லுங்கள்! ஆனால் இரண்டுக்கும் சேர்த்தே வேல்ஸ் அணியின் சிவப்புச் சட்டை போடுபவர்கள்தான் ஏராளம்.