சித்தப்பாவின் இரண்டு கருத்துகள்

கேள்வி: ஐயா, என் சித்தப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போன காலத்தில், மீன் முட்டையிடும் பருவத்தில் இழுவலை குஞ்சுகளையும் வாரிவிடும், ஆகவே விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் கட்டாயம் வேண்டும் என்பார். மூன்று ஆண்டுகளுக்கு முன் கடன் வாங்கி ஒரு விசைப்படகில் பங்கு சேர்ந்தார். இப்போதோ, எண்ணூர் கழிமுகத்தைக் கெடுப்பவர்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் கரையில் கட்டிப்போடுவது அநியாயம் என்கிறார். அரசின் கொள்கைகளைப் பற்றி எல்லாரும் தங்கள் லாபத்தை வைத்துத்தான் பேசுகிறார்களா?
– வாசகர், காசிமேடு

பதில்: பெரும்பாலும் அப்படித்தான். ஆனாலும் உங்கள் சித்தப்பா அன்றும் பொய் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. இழுவலை குஞ்சு மீன்களை வாருவது உண்மை. அனல் மின் நிலையச் சாம்பலோடு, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் எண்ணூர் கழிமுகத்தில் பரவியது என்பதும் உண்மை. இரண்டையும் அவர் எப்போதும் அறிந்தே இருந்திருப்பார். எது முதலில் நாவுக்கு வருகிறது என்பதை மட்டும், அவர் கால் வைத்திருக்கும் படகு முடிவு செய்கிறது.

கிழக்குக் கடற்கரையில் 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் தடை நடைமுறையில் உள்ளது; அதற்கு முன் 45 நாளாக இருந்தது. விசைப்படகுகள் நிற்க, ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் கரையோரம் போய்வரும்போது, வரத்துக் குறைவால் அவற்றின் மீனுக்கு நல்ல விலை கிடைக்கிறது. அன்று அவருக்கு வருமானம் தந்த அதே நாட்கள் இன்று கடன் தவணையாக வந்து நிற்கின்றன. தனக்கு வரும் வரிவிலக்கு டீசலை உரிமை என்று கருதுகிற ஒருவர், மீன் கூடையோடு பேருந்தில் ஏறும் பெண்ணுக்கு 2021 முதல் கிடைக்கும் கட்டணமில்லாப் பயணத்தை வீண்செலவு என்று சொல்வதும் இந்த வகைதான். வரத்து குறைந்த மாதங்களில் வஞ்சிரம் வாங்கப் போகும்போது எனக்கும் தடைக்காலத்தின் மீது கோபம் வருகிறது.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. உரிமையாளர் இந்த இரண்டு மாதத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்த்து, சாயம் பூசிக்கொள்ள முடிகிறது. பிடிபட்ட மீனில் வரும் பங்கை மட்டும் நம்பியிருக்கும் கூலித் தொழிலாளிக்கோ, அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தில் வாடகையும் அரிசியும் அடங்காது. ஐஸ் சுமப்பவர்களும் மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்களும் இழப்பதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. இவர்களுக்கும் சொந்த நலன் உண்டு. அதை எடுத்துச் சொல்லும் வலுவான சங்கம்தான் இல்லை.

ஆகவே, லாபத்துக்காகப் பேசுகிறார் என்று சித்தப்பாவின் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். அந்த நலன் உண்மையில் எதைக் கேட்கிறது என்று அவரிடமே விசாரியுங்கள். தடையையே நீக்க வேண்டும் என்கிறாரா, அல்லது அந்த 61 நாட்களுக்கு வட்டியில்லாமல் தவணையைத் தள்ளிவைத்தால் போதும் என்கிறாரா? இரண்டாவதுதான் பதில் என்றால், அவருடைய பழைய வாதத்தை அவர் இன்னும் கைவிடவில்லை.