18 அங்குல பேஸும் பவுடர் டப்பாவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் நான்கு வருடங்களாக பேஸ் கிடார் வாசிக்கிறேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய என் சித்தப்பா ஓர் ஆஷ்பரி பேஸைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பார்ப்பதற்குக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் போல இருக்கிறது. கழுத்தில் மெட்டுகள், அதாவது விரலுக்கு இடம் காட்டும் குறுக்குக் கம்பிகள், இல்லை. தந்திகள் ரப்பரைப் போன்றவை. விரல் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது. ரப்பரைக் கழற்றிவிட்டு எஃகுத் தந்தி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா? — வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம் தம்பி. தயவுசெய்து போட வேண்டாம். கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். இதழ் வருவதற்குள் நண்பர்கள் கழற்றிவிடுவார்களோ என்ற கவலைதான் எனக்கு.

காரணம் கணக்கில் இருக்கிறது. 1951-இல் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றுவரை பெரும்பாலான பேஸ் கிடார்களுக்கு அதுதான் அளவு. குட்டை பேஸ் என்று பெயர் வாங்கியவை, 1956-இல் வந்த ஹாஃப்னர் வயலின் பேஸ் உட்பட, 30 அங்குலத்தை ஒட்டியவை. உங்கள் மடியில் இருப்பதோ 18 அங்குலம். அப்படியிருந்தும் அடித்தந்தி அதே கீழ் ஈ (E) ஸ்வரம்தான், நொடிக்குச் சுமார் 41 அதிர்வுகள். இதில் வழக்கமான எஃகுத் தந்தியைப் போட்டு அந்தச் சுருதிக்குக் கொண்டுவந்தால், இழுவிசை மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. துணி காயப்போடும் கொடியைப் போலத் தொங்கிப் பலகையில் மோதும். பழைய விறைப்பு வேண்டுமென்றால் தந்தி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் பருமனாக இருக்க வேண்டும். அவ்வளவு தடித்த எஃகு அத்தனை சிறிய நீளத்தில் சரியாக வளைந்து அதிராது. நாதம் வராது, தட்டுகிற சத்தம்தான் வரும்.

சிலிகான் ரப்பர் பருமனாக இருந்தாலும் துவண்டு கொடுக்கும். அதனால்தான் அது இங்கே வேலை செய்கிறது. இதை வடிவமைத்தவர்கள் அலன் ஆஷ்வொர்த்-ஜோன்ஸ், நைஜல் தோர்ன்பரி என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள். இருவர் பெயரிலிருந்தும் ஒவ்வொரு துண்டை எடுத்துச் சேர்த்ததுதான் ஆஷ்பரி. 1986-இல் அமெரிக்காவின் கில்ட் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் ஃபெண்டரின் குடும்பத்துக்குள் போய் டி ஆர்மண்ட் என்ற பெயரிலும் வெளிவந்தது. அவர்கள் குட்டி கிடார் செய்யவில்லை தம்பி. ஆள் உயர டபுள் பேஸின் குரலைக் கைக்குள் அடங்கும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் உங்கள் குறைகளில் பாதி தானாகவே தீரும்.

விரல் ஒட்டுவதற்கு மருந்து பவுடர். சாதாரண முகப் பவுடர்தான். இங்கே குன்னூரில் ஒரு ஜூலை மாதம், தோட்டத்து பங்களா ஒன்றில்தான் இந்த வாத்தியத்தை முதலில் கையில் எடுத்தேன். வெளியே மூடுபனி, விரல்களில் ஈரம். ஆட்காட்டி விரலை மூன்றாவது தந்தியில் வைத்து மேலே இழுத்தேன். தந்தி விரலோடு கூடவே வந்தது, ‘கிறீச்’ என்று முனகிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது. வீட்டுக்காரர் எதுவும் சொல்லாமல் ஒரு பவுடர் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை, இரண்டு கை விரல்களிலும் தேய்த்துக்கொண்டு மறுபடி தொட்டேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. சுரத்திலிருந்து சுரத்துக்கு ஒரு கமகம் இறங்கி வந்தது பாருங்கள், நான் வயலினில் வருடக்கணக்காகத் தேடியது அது. அன்று இரவு எட்டு மணி வரை அந்த வீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. நம் மலையின் ஈரத்தில் பவுடர் சீக்கிரம் கட்டிதட்டும். பாட்டுக்குப் பாட்டு போட வேண்டாம். ஆராதனை தொடங்குமுன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை போதும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளைத் துடைத்து வையுங்கள்.

சுருதி இறங்குவது ரப்பரின் குணம். புதுத் தந்தி சில நாட்கள் நீண்டுகொண்டேதான் இருக்கும். சுருதி சேர்த்த பின் தந்தியை நடுவில் பிடித்து மெதுவாக இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். இறங்காமல் நிற்கும்வரை இப்படிச் செய்யலாம். எப்போதும் கீழேயிருந்து மேலே ஏற்றியே சுருதியைப் பிடியுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். என்னுடைய தந்தி ஒன்று நகம் பட்ட கீறலிலிருந்து பிளந்து, ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையின் நடுவில் அறுந்தது. மாற்றுத் தந்தி வெளிநாட்டிலிருந்து வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. ஆகவே இன்றைக்கே ஒரு செட் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மீட்டும் வில்லையைப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். விரல் சதையால், பலகை முடியும் இடத்தில், மெல்ல மீட்டுங்கள். பலமாக இழுத்தால் ஒலி பெருகாது, சுருதிதான் கலங்கும்.

இனி மெட்டு. என் அம்மா வீணை வாசித்தவர்; மெழுகில் பதித்த 24 மெட்டுகள் அவர் விரலுக்கு வழி சொல்லின. உங்களுக்கு அந்தத் துணை இல்லை, பலகையில் கோடுகள் மட்டும். பெரிய பேஸில் முதல் அரைச்சுரத்தின், அதாவது ஒரு மெட்டு தூரத்தின், இடைவெளி சுமார் 48 மில்லிமீட்டர். ஆஷ்பரியில் 26. நான்கு அரைச்சுரங்கள் ஒன்பதரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், கையை நகர்த்தாமலே ஒரு விரலுக்கு ஒரு சுரம் என்று வைக்கலாம். சிறிய கைக்கு இது பெரிய வசதி. ஆனால் அதே காரணத்தால் பிழையும் இரட்டிப்பாகும். விரல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால், பெரிய பேஸில் காது மன்னிக்கும், இதில் மன்னிக்காது. தந்தியின் பாதி தாண்டி மேலே போகப் போக இன்னும் நெருக்கம். எனவே முதல் ஒரு மாதம் திறந்த தந்தியை ஒலிக்கவிட்டு, அதற்கு எதிராக மற்றத் தந்தியில் ஐந்தாம் சுரத்தையும் எட்டாம் சுரத்தையும் மட்டும் தேடுங்கள். தம்புரா வைத்துச் சாதகம் செய்கிற அதே முறைதான். கண்ணை மூடிக்கொண்டு தேடுங்கள். கோட்டைப் பார்த்து வைக்கும் விரல் எப்போதும் கொஞ்சம் தள்ளியே விழுகிறது.

ஒலி எடுக்கும் முறையும் இதில் வேறு. சாதாரண பேஸில் காந்தச் சுருள் எஃகின் அதிர்வை உணர்ந்து ஒலியாக்கும். சிலிகானைக் காந்தம் கண்டுகொள்ளாது. ஆகவே இதில் தந்திகளைத் தாங்கும் குதிரையின் அடியில் பீசோ படிகம் இருக்கிறது. அழுத்தம் மாறுவதை அது மின்சாரமாக மாற்றும். அந்தச் சின்ன மின்சாரத்தைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு சுற்றும் 9 வோல்ட் பேட்டரியும் உண்டு. பேட்டரி வீணாகாமலிருக்க, வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள். உங்கள் ஆலயத்து ஒலிபெருக்கியையும் ஒரு முறை கவனியுங்கள். சுவரில் மாட்டிய ஒல்லியான ஸ்பீக்கர்கள் பேச்சுக்கானவை. 41 அதிர்வை அவற்றால் சொல்ல முடியாது. பேஸுக்கான ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் போட்டுக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். அந்தச் சிறிய உடலிலிருந்து அப்படியொரு ஆழம் எழுவதை முதல் முறை கேட்கும்போது நான் பக்கத்தில் இல்லையே என்று இருக்கிறது.

கேள்வி: பத்து வயது மகள் பேஸ் கற்க ஆசைப்படுகிறாள். 34 அங்குலம் கை எட்டவில்லை. எதை வாங்கலாம்? — வாசகி, வெலிங்டன்

பதில்: மெட்டுள்ள 30 அங்குல பேஸ். ஆஷ்பரியை இப்போது வேண்டாம் அம்மா. காது பழகிய பின் போகலாம். கடையில் அவளை உட்காரவைத்து, வாரை மாட்டி, இடது கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். கழுத்துப் பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்தால் அந்த வாத்தியம் வேண்டாம். பிள்ளை வாசிப்பதற்குப் பதில் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

கேள்வி: கொடைக்கானல் மூடுபனியில் என் பேஸின் எஃகுத் தந்திகள் மூன்று மாதத்தில் துருப்பிடிக்கின்றன. என்ன செய்வது? — வாசகர், கொடைக்கானல்

பதில்: நைலான் நாடா சுற்றிய தந்திகள் கிடைக்கின்றன, அவற்றைப் போட்டுப் பாருங்கள். விரல் படும் இடத்தில் எஃகு இருக்காது, ஒலியும் கொஞ்சம் உருண்டையாகும். வாத்தியத்தை வெளிச்சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். அந்தச் சுவர் இரவெல்லாம் ஈரம் கோக்கும். உறைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்து, வெயில் அடிக்கும் நாளில் பொட்டலத்தை எடுத்துக் காயவையுங்கள்.